மிளகு போய்ச் சேர்ந்த ஊரு – அம்மாவோட அலெக்சாந்திரியாவுல அஞ்சு நாள்

நவம்பர் 16

அம்மாவுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அறுபத்திரண்டு வயசுல பாஸ்போர்ட் எடுத்தா. பிரமிடு பார்த்தா போதும்யான்னு சொன்னவளை கெய்ரோவுல இருந்து ரயிலேத்தி அலெக்சாந்திரியாவுக்கு கூட்டிட்டு வந்தது நான்தான். ஸ்கூல்ல ஏழு உலக அதிசயம் மனப்பாடம் பண்ணும்போது அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கம்னு வரும்ல, அப்ப இருந்தே இந்த ஊரு மண்டையில இருக்கு. அப்புறம் பெரியவனாகி பழைய சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கும் இந்த ஊருக்கும் நடந்த மிளகு யாவாரத்தைப் பத்தி படிச்சதுல இருந்து ஒரு தடவை போயே ஆகணும்னு ஆயிடுச்சு.

ஸ்டேஷன் வாசல்ல கருப்பும் மஞ்சளுமா டாக்சிங்க, பாதிக்கு மேல பழைய லாடா கார். முதல்ல வந்தவர் 150 பவுண்டு கேட்டார், நாங்க நடக்க ஆரம்பிச்சதும் இன்னொரு பெரியவர் 60க்கு ஏத்திக்கிட்டார். ஒரு எகிப்து பவுண்டு நம்ம ஊர் காசுக்கு அப்ப ஒன்னே முக்கால் ரூபா பக்கம் வந்துது. "ஹிந்தி?"ன்னு, அதாவது இந்தியாவான்னு, கேட்டுட்டு ஆமான்னதும் "அமிதாப் பச்சன்!"ன்னு ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கினார், அம்மா பயந்து என் முழங்கையைப் புடிச்சுக்கிட்டா.

ரூம் ரம்ல் ஸ்டேஷன் பக்கம், கடலைப் பார்த்த பழைய கட்டடம், நாலாவது மாடி. கம்பிக்கூண்டு லிப்ட் ரெண்டாவது மாடியில நின்னுடுச்சு. வாட்ச்மேன் படியேறி வந்து கதவைத் தொறந்து அம்மாவோட பெட்டியை தோள்ல வச்சுக்கிட்டு மேல போயிட்டார், டிப்ஸ் நீட்டினா நெஞ்சுல கை வச்சு வேணாம்னுட்டார்.

சாயங்காலம் கடற்கரை ரோடு. கார்னிஷ்னு சொல்றாங்க. ரோடுன்னா சும்மா ரோடு இல்ல, எத்தனை வரிசையில வண்டி போகுதுன்னு எண்ண முடியல, சிக்னலும் பக்கத்துல இல்ல, அந்தப் பக்கம் கடல் தெரியுது ஆனா போக வழி தெரியல, பத்து நிமிஷம் நின்னுருப்போம். கையில காய்கறிப் பையோட ஒரு அம்மா வந்தாங்க, ஒன்னும் பேசல, எங்க அம்மா கையைப் புடிச்சாங்க, இன்னொரு கையை வண்டிங்களைப் பார்த்து நீட்டினாங்க, நடந்தாங்க. அந்தப் பக்கம் விட்டுட்டு அவங்க மறுபடி இந்தப் பக்கமே திரும்பிப் போனாங்க. அப்பதான் தெரிஞ்சுது, அவங்களுக்கு ரோட்டைத் தாண்டுற வேலையே இல்ல, எங்களுக்காக வந்துருக்காங்க.

கடல் சுவர்ல உக்காந்து ஒரு வண்டிக்காரர்கிட்ட ஹலபெஸ்ஸா குடிச்சோம். கண்ணாடி டம்ளர்ல கொண்டைக்கடலையை வேகவச்ச தண்ணியோட ஊத்தி எலுமிச்சை, மிளகாய், சீரகம் போட்டு ஸ்பூனோட குடுக்கறாங்க. 20 பவுண்டு. அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு "எய்யா, இது சுண்டல் ரசம்லா"ன்னா. இன்னொன்னு வாங்கினோம்.

நவம்பர் 17

காலையில ஃபூல். அகண்ட மொச்சையை ராத்திரி முழுக்க குடத்துல வேகவச்சு மசிச்சு, தக்காளி, பூண்டு, எள்ளு விழுது சேர்த்து தர்றது இந்த ஊர் பக்குவம். தவிடு ஒட்டின ரொட்டி, ஊறுகாய், பச்சை வெங்காயம். ரெண்டு பேருக்கும் 90 பவுண்டுக்குள்ள வயிறு நிறைஞ்சு போச்சு.

பாம்பே தூண். பேருதான் தப்பு. பாம்பேங்கற ரோமானிய தளபதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அவரோட அஸ்தி மேல இருக்குன்னு சிலுவைப் போர் காலத்துல வந்தவங்க நினைச்சுக்கிட்டதுல ஒட்டிக்கிட்ட பேரு. டயோக்ளீஷியன்ங்கற பேரரசருக்காக கி.பி. 300 வாக்குல நிறுத்தினது. அடி, தலை எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 27 மீட்டர், நடுத்தண்டு மட்டும் ஒரே கல்லு, அஸ்வான்ல வெட்டின சிவப்பு கிரானைட், நைல் ஆத்து வழியா வந்தது. அம்மா சுத்திச் சுத்தி வந்து ஒட்டு எங்கயாவது இருக்கான்னு பார்த்தா. இல்ல.

இந்த இடத்துலதான் செராப்பிஸ் சாமியோட பெரிய கோயில் இருந்துது, கி.பி. 391ல இடிச்சுட்டாங்க. இப்ப மேடு, கல்லு, ரெண்டு ஸ்பிங்க்ஸ், பூமிக்கு அடியில சுரங்க வழிங்க, அவ்வளவுதான். சுத்தி நாலு பக்கமும் அடுக்குமாடி வீடு, பால்கனியில துணி காயுது. எனக்கு அங்க நின்னப்ப மனசு கஷ்டமாத்தான் இருந்துது. இந்த ஊரு ஒரு காலத்துல உலகத்துக்கே பெரிய ஊருங்கள்ல ஒன்னு, அதுல கண்ணால பார்க்க மிஞ்சினது இவ்வளவுதானான்னு.

அங்கேருந்து நடந்தா கோம் எல் ஷொகாஃபா, பாதாளக் கல்லறை. டிக்கெட்டுக்கு காசு வாங்கல, கார்டு மட்டும்தான்னாங்க. என் கார்டு போகல. ரெண்டாவது கார்டும் போகல. பேங்க்ல வெளிநாட்டு உபயோகத்துக்கு எல்லாம் சரி பண்ணிட்டுத்தான் கிளம்பினேன், கஸ்டமர் கேர் லைன் கிடைக்கல, வெயில் வேற. பின்னாடி நின்ன காலேஜ் பொண்ணு ஒன்னு தன் கார்டைத் தேய்ச்சு எங்க ரெண்டு பேருக்கும் எடுத்துக் குடுத்துச்சு. நான் நோட்டை எண்ணிக் குடுத்தா ஐம்பது பவுண்டு கூட இருக்குன்னு திருப்பிக் குடுத்துட்டு, அம்மாவைப் பார்த்து "ஷி லைக் மை கிராண்ட்மதர்"னு சொல்லிட்டு ஃப்ரெண்ட்ஸோட ஓடிருச்சு.

இந்த இடத்தைக் கண்டுபிடிச்சது 1900ல, ஒரு கழுதை குழிக்குள்ள விழுந்து. கிணறு மாதிரி வட்டமா இறங்குது, சுத்திவர 99 படி. நடுவுல இருக்குற அந்தக் குழி வழியாத்தான் பிணத்தை கயித்துல கட்டி இறக்குவாங்களாம். நீ மேலயே உக்காரும்மான்னேன். "பழனி ஏறுனவளுக்கு இதென்ன"ன்னுட்டு சுவத்தைப் புடிச்சு இறங்கிட்டா.

கீழ போனா முதல்ல ஒரு விருந்து அறை. மூணு பக்கமும் பாறையிலயே வெட்டின திண்ணை. செத்தவங்களோட நாள் வந்தா குடும்பம் இங்க வந்து சாப்பிடும். சாப்பிட்ட மண்சட்டியை வீட்டுக்கு கொண்டு போக மாட்டாங்க, அங்கேயே உடைச்சுப் போட்டுட்டுப் போவாங்க, அப்படி உடைச்ச ஓடு குவிஞ்சு மேடாயி, அதனாலதான் இந்த இடத்துக்கு ஓட்டுச்சில்லு மேடுன்னு பேரு. நான் இதை விளக்க ஆரம்பிச்சு பாதியிலயே அம்மா தலையாட்டிட்டா. "பின்ன? துட்டி வீட்டுச் சட்டியை யாராச்சும் தூக்கிட்டு வருவாளா?"ன்னா.

அடுத்து கல்லறை வாசல். எகிப்து பாணித் தூண், ரோமானிய முகம் செதுக்கின சிலைங்க, கிரேக்க மெடூசா தலை, எல்லாம் ஒரே வாசல்ல. கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு வாக்குல இந்த ஊர்ல மூணு கூட்டமும் ஒன்னா வாழ்ந்துருக்கு, செத்தப்பறம் எந்தச் சாமி கூப்பிடும்னு தெரியாம எல்லாரையும் கூப்பிட்டு வச்சுருக்காங்க. உள்ள திரும்பிப் பார்த்தா வாசலுக்கு ரெண்டு பக்கமும் நரித்தலை அனுபிஸ், ரோமானிய சிப்பாய் உடுப்பு போட்டு நிக்குது, அதுல ஒன்னுக்கு இடுப்புக்குக் கீழ பாம்பு வால்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தா. "இது யாருய்யா?"

"செத்தவங்களுக்கு காவல் நிக்கிற சாமிம்மா."

"அப்ப சுடலைமாடன்."

சொல்லிட்டு செருப்பைக் கழட்டிட்டா. அந்த ஈரத்தரையில வெறுங்காலோட நின்னு கும்பிட்டா. காவலுக்கு நின்ன ஆளு ஒன்னும் சொல்லல, தள்ளி நின்னுக்கிட்டார். அப்பா போயி வர்ற தைக்கு ரெண்டு வருஷம். குடத்தை தோள்ல வச்சு மூணு சுத்து சுத்தி பின்னாடி போட்டு உடைச்சது நான்தான், அந்தச் சத்தம் அங்க நிக்கும்போது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு பேரும் பேசாமத்தான் மேல ஏறினோம், நாலு இடத்துல உக்காந்து உக்காந்து. கீழ்த்தளம் ரொம்ப காலமா தண்ணியில மூழ்கிக் கிடந்துச்சாம், 2019ல நிலத்தடித் தண்ணியை இறைக்க பம்ப் எல்லாம் வச்சு சரி பண்ணிருக்காங்க. அப்படி யாரோ பண்ணலைன்னா அம்மா அந்தச் சாமியைப் பார்த்திருக்க முடியுமோ என்னவோ.

நவம்பர் 18

ராத்திரி ரெண்டு மணிக்கு ஜன்னல் கதவு படார்னு அடிச்சு முழிச்சோம். கடல் ரோட்டு மேல ஏறி வருது. காலையில வாட்ச்மேன் கூலா "மக்னசா"ன்னார். இந்த ஊர்ல குளிர்காலப் புயல் மழைக்கு ஒவ்வொன்னுக்கும் பேரு இருக்கு, ஏறக்குறைய எந்தத் தேதிக்கு எது வரும்னு மீனவங்க தலைமுறை தலைமுறையா கணக்கு வச்சிருக்காங்க. நவம்பர் நடுவுல வர்றது மக்னசா, அப்படின்னா துடைப்பம். டிசம்பர் ஆரம்பத்துல காசிம். அம்மாவுக்கு இது ரொம்பப் புடிச்சுப் போச்சு. எங்க ஊரு தூத்துக்குடி, வாடைக்காத்து, கச்சான் காத்து, கொண்டல்னு காத்துக்கெல்லாம் பேரு வச்சுப் பழகின வீடு.

பதினோரு மணி வரைக்கும் வெளிய போக முடியல. அப்புறம் குடை வாங்க இறங்கினா தெருவுல கணுக்கால் தண்ணி, குடைக்கடைக்காரர் 150 பவுண்டு சொன்ன குடை ரெண்டாவது தெருமுனையிலயே திரும்பிக்கிச்சு, கம்பி உடைஞ்சுது. நனைஞ்சுட்டே மினிவேன் ஏறினோம். ஊரெல்லாம் மைக்ரோபஸ்னு சொல்றதை இங்க மட்டும் மஷ்ரூன்னு சொல்றாங்க. காசை முன்னாடி இருக்கறவர் தோளைத் தட்டிக் குடுத்தா கை மாறி கை மாறி டிரைவருக்குப் போயி மீதி அதே வழியில திரும்பி வருது, ஒரு காசு குறையல.

புது நூலகம். பழைய நூலகம் கி.மு. மூணாம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது, இப்ப அதுல ஒரு செங்கல் கூட கிடையாது. 2002ல கடலுக்கு எதிர்ல இதைத் தொறந்தாங்க. கடல்ல இருந்து சூரியன் எந்திரிக்கிற மாதிரி சாய்ஞ்ச வட்டக்கூரை, குறுக்களவு 160 மீட்டர். பின்பக்கம் சுத்திவர அஸ்வான் கிரானைட் சுவர், அதுல உலகத்துல இருக்கற, இருந்த 120 எழுத்து முறைங்கள்ல இருந்து எழுத்துங்களைச் செதுக்கி வச்சிருக்காங்க. அம்மா கொட்டுற மழையில "அ"வைத் தேட ஆரம்பிச்சுட்டா. நானும் தேடினேன். அரை மணி நேரம். எங்க கண்ணுல படல, சுவர் முழுசையும் பார்க்க மழையும் விடல.

உள்ள போயி அந்த வாசிப்பு மண்டபத்தைப் பார்த்ததும் வாயடைச்சுப் போச்சு. படிப்படியா இறங்குற பதினோரு தளம், ஒரே கூரை, ரெண்டாயிரம் பேர் ஒரே நேரத்துல உக்காந்து படிக்கலாம், வெளிய புயல், உள்ள ஒரு சத்தமில்ல. பசங்க லேப்டாப்பை வச்சுக்கிட்டு பரீட்சைக்குப் படிக்கிறாங்க. எரட்டோஸ்தனிஸ் இந்த ஊரு நூலகத்துக்குத் தலைவரா இருந்தவர்தான். கோடையில சூரியன் உச்சிக்கு வர்ற நாள்ல அஸ்வான்ல கிணத்தோட அடி வரைக்கும் வெயில் விழுது, அதே நேரம் இங்க கம்புக்கு நிழல் விழுது, அந்தக் கோணம் வட்டத்துல ஐம்பதுல ஒரு பங்கு, அப்ப ரெண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால பெருக்கினா பூமியோட சுத்தளவு. ஒரு கம்பையும் நிழலையும் வச்சு! அம்மாவுக்கு டீக்கடையில சர்க்கரைக் கட்டியை வச்சு இதை விளக்கினேன், கேட்டுட்டு "வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம் நீ"ன்னா.

அடித்தளத்துல சின்ன அருங்காட்சியகம். நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைச்ச ஒரு மொசைக், நாய் ஒன்னு கழுத்துப் பட்டையோட உக்காந்திருக்கு, பக்கத்துல கவிழ்ந்து கிடக்கற வெண்கலப் பாத்திரம், திட்டு வாங்கப் போற மூஞ்சி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தக் கண்ணு அப்படியே இருக்கு. இந்த ஊர்ல ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும்னா இதைப் பாருங்கன்னு சொல்வேன்.

ராத்திரி ரூம்ல ஹீட்டர் இல்லாம போர்வைக்குள்ள உக்காந்து அம்மாவுக்கு முசிறி கதை சொன்னேன். எகிப்துல கிடைச்ச ஒரு பாப்பிரஸ் தாள், கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு, இப்ப வியன்னாவுல இருக்கு. முசிறிக்குப் போயிட்டு வர்ற யாவாரத்துக்கு கடன் வாங்கின ஒப்பந்தம். சரக்கு செங்கடல் கரையில இறங்கி, ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி, நைல்ல படகேறி, அலெக்சாந்திரியா கிடங்குல முத்திரையோட இறங்கணும், இங்க நாலுல ஒரு பங்கு வரி. பின்பக்கத்துல ஹெர்மாபோலன்ங்கற கப்பல்ல வந்த சரக்குக் கணக்கு, தந்தம், வாசனைப் பொருள்னு. யவனர் பொன்னோட வந்து மிளகோட போனாங்கன்னு அகநானூறு 149ஆம் பாட்டு அந்தப் பக்கத்துக் கணக்கைச் சொல்லுது, இந்தத் தாளு இந்தப் பக்கத்துக் கணக்கைச் சொல்லுது. செங்கடல் கரையில குசேர் பக்கத்துல தமிழ்ப் பேரு கீறின பானை ஓடுகூட கிடைச்சிருக்கு, கண்ணன், சாத்தன்னு. அம்மா கேட்டது ஒன்னுதான். "அவனுவ எல்லாம் ஊர் திரும்பிட்டானுவளா?"

நவம்பர் 19

மழை விட்டு வானம் கழுவி வச்ச மாதிரி. கைத்பாய் கோட்டைக்கு கரையோரமாவே நடந்தோம். கலங்கரை விளக்கம் நின்ன இடம் இதுதான். கி.மு. 280 வாக்குல கட்டி முடிச்சது, நூறு மீட்டருக்கு மேல உயரம், கீழ சதுரம், நடுவுல எட்டுமூலை, மேல வட்டம். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல நின்னுருக்கு. அப்புறம் பூகம்பத்துக்கு மேல பூகம்பம், 1303ல வந்தது பெருசு. மொராக்கோ பயணி இபின் பதூதா 1326ல வந்தப்ப ஒரு பக்கம் இடிஞ்சிருந்தாலும் உள்ள போயிருக்கார், 1349ல மறுபடி வந்தப்ப வாசலுக்கே ஏற முடியலன்னு எழுதியிருக்கார். 1477ல சுல்தான் கைத்பாய் அதே அடித்தளத்து மேல இந்தக் கோட்டையைக் கட்டினார், கிடந்த கல்லையும் சேர்த்து. இன்னும் எத்தனையோ கல்லும் சிலையும் இந்தத் தண்ணிக்கு அடியிலயே கிடக்கு.

கோட்டைக்கு உள்ள இருந்ததைவிட வெளிச்சுவர்ல உக்காந்திருந்த நேரம்தான் அதிகம். நேத்து புயலோட மிச்ச அலை கான்கிரீட் கட்டைங்க மேல மோதி ஆள் உயரத்துக்கு எழும்புது. தூண்டில் போட்டுக்கிட்டு இருந்த பையன் ஒருத்தன் அம்மாவுக்கு அவன் உக்காந்திருந்த அட்டைப்பெட்டியைக் குடுத்துட்டு ஈரக்கல்லுல உக்காந்தான்.

மத்தியானம் அன்ஃபூஷி மீன் மார்க்கெட். இங்க அம்மாவோட ராஜ்ஜியம். பாஷை ஒன்னும் தெரியாது, நேரா போயி செவுளைத் தூக்கிப் பார்க்கறா, வயித்தை அமுக்கறா, இது நேத்து மீனுன்னு தமிழ்ல சொல்றா, கடைக்காரருக்குப் புரியுது, சிரிச்சுட்டு அடியில இருந்து வேற எடுத்துப் போடறார். மடவையை இங்க பூரின்னு சொல்றாங்க, கிலோ 180 பவுண்டு, அரைக்கிலோ கணவாய் 160. பக்கத்துக் கடையில சுட்டுத் தருவாங்க. மடவையை செதிலோட தவிட்டுல புரட்டி அப்படியே தணல்ல போடறாங்க, தோல் கருகிப் போகும், உரிச்சா உள்ள வெள்ளைவெளேர்னு ஆவி பறக்கும். வெங்காயத்தைக் கருக வதக்கி அந்தத் தண்ணியில வேகவச்ச பழுப்புச் சோறு, அதுக்குப் பேரு சயாதீயா, மீன்காரர் சோறு. எள்ளு விழுது சாஸ். அம்மா பையில இருந்து மிளகுப்பொடி டப்பாவை எடுத்து மீன் மேல தூவிக்கிட்டா, சமைச்சவர் எட்டிப் பார்த்து ஒரு சிட்டிகை உள்ளங்கையில வாங்கி நக்கிப் பார்த்துட்டு "ஃபில்ஃபில்!"னு கண்ணை விரிச்சார். மிளகுக்கு அரபியில ஃபில்ஃபில், நம்ம திப்பிலிக்கு வடமொழியில பிப்பலிங்கறாங்கல்ல, அதுல இருந்து போன பேருதான்.

பக்கத்துலயே அபுல் அப்பாஸ் அல் முர்ஸி பள்ளிவாசல். ஸ்பெயின்ல முர்ஸியாவுல பொறந்து 13ஆம் நூற்றாண்டுல இங்க வந்து சேர்ந்த சூஃபி. பெண்களுக்கு வேற வாசல், அம்மா முக்காடு போட்டுக்கிட்டு தனியா போயிட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்தா. கைநிறைய மிட்டாய், பேரீச்சம்பழம். "நாகூர் மாதிரியே இருக்குய்யா"ன்னா.

நவம்பர் 20

அம்மாவுக்கு சளி புடிச்சுக்கிச்சு, தொண்டை கட்டிருச்சு. மெதுவாத்தான் கிளம்பினோம்.

கோம் எல் டிக்கா. 1960ல இடிபாட்டு மேட்டைத் தோண்டப் போயி ரோமானிய அரங்கம் கிடைச்சுது, அரைவட்டமா பதிமூணு வரிசை பளிங்குப் படி. எல்லாரும் அதோட திரும்பிடறாங்க, பக்கத்துல இருக்கற பாடசாலைங்களை விட்டுடாதீங்க. இருபதுக்கு மேல வகுப்பறை, சுத்திவர கல் பெஞ்சு, நடுவுல உசரமா வாத்தியாருக்கு ஒரு இருக்கை. கி.பி. ஆறாம் நூற்றாண்டு வாக்குல பசங்க உக்காந்து படிச்ச இடம். பழைய நூலகம் போச்சுன்னு தூண் பக்கத்துல நின்னு நான் வருத்தப்பட்டேன்ல, அது அழிஞ்சும் எத்தனையோ தலைமுறைக்கப்புறம் இங்க பாடம் நடந்துருக்கு. அந்தக் கல்லுல உக்காந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டேன்.

கிரேக்க ரோமானிய அருங்காட்சியகம் பதினெட்டு வருஷம் பூட்டிக் கிடந்து 2023லதான் தொறந்தாங்க. அங்க எகிப்துக்காரங்க சாமியா கும்பிட்ட அபிஸ் காளை, கருங்கல்லு, ஆளுயரம், செராப்பிஸ் கோயில்ல கிடைச்சது. அம்மா காதுல ஏதோ சொல்லப் போறவ மாதிரி கிட்டக்க போனா, காவலர் தள்ளி நிக்கச் சொன்னார்.

பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு சின்ன காப்பிக்கடை. அம்மா இருமறதைக் கேட்டுட்டு கடைக்காரர் நாங்க கேட்ட டீயைக் கொண்டு வரல, வேற என்னமோ கொதிக்கக் கொதிக்க கொண்டு வந்து வச்சார். "ஸன்ஜபீல்." மோந்து பார்த்தா இஞ்சி. அந்தப் பேரே இஞ்சிவேர்ங்கற சொல்லுல இருந்து போனதுன்னு மொழி ஆராயறவங்க சொல்றாங்க. அம்மா மிளகுப்பொடியை அதுலயும் ஒரு சிட்டிகை போட்டுக்கிட்டா. மிச்சத்தை எங்க ஃப்ளாஸ்க்குல ஊத்திக் குடுத்து காசை மேசையிலேயே தள்ளி விட்டார், மூணு தடவை குடுத்தும் வாங்கல.

திரும்பறப்ப பாலைவன ரோடு. ஊரைத் தாண்டினதும் பஸ் ஒரு ஏரிக்கு நடுவுல போகுது, ரெண்டு பக்கமும் நாணல், ஒத்தையாள் நின்னு கம்பு ஊனுற படகுங்க. மர்யூத் ஏரி. அந்தக் காலத்துல நைல்ல வந்த சரக்கு வாய்க்கால் வழியா இந்த ஏரித் துறைக்குத்தான் வரும், கடல் பக்கத் துறைமுகத்தைவிட இதுலதான் சரக்கு அதிகம்னு அந்தக் கால கிரேக்க புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வச்சிருக்கார். மிளகு வந்த வழி இதாம்மான்னேன். ஃப்ளாஸ்க்கை மடியில வச்சுக்கிட்டு, ஆவி படிஞ்ச ஜன்னலை முந்தானையால துடைச்சு, ஏரி முடியிற வரைக்கும் பார்த்துக்கிட்டே வந்தா.